கீழ்ப்படிதலில் வேர்கொண்ட விசுவாசம்

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி மாதம் 16 ஆம் திகதி இலங்கைக் கத்தோலிக்கத் திருச்சபை புனித யோசப் வாஸ் அடிகளாரின் திருநாளைக் கொண்டாடுகின்றது. 1711 ஆம் ஆண்டு அத்தினத்தில் கண்டியிலே காலமான இக்குருவானவரை 1995 ஜனவரி 21 ஆம் திகதி பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் முத்திப்பேறு பெற்றவராகவும், 2015 ஜனவரி 14 ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் புனிதராகவும் பிரகடனம் செய்தனர். இரு வைபவங்களும் கொழும்பு காலிமுகத்திடலிலேயே நடைபெற்றன. ஆயினும் அடிகளாரை இந்நாட்டின் முதற் புனிதர் என்று அறிந்திருப்போரில் எத்தனை பேர் அவர் எதற்காக இங்கு வந்தார், எவ்வாறு வாழ்ந்தார் என்பதை அறிவர் என்ற ஐயம் எமக்கு உண்டு. கத்தோலிக்கர் மத்தியிலும் அந்நிலைமைதான் காணப்படுகின்றது.

அவரது வாழ்க்கையைப் பற்றி நாம் இங்கு எழுத முற்படுவதற்கு வேறொரு காரணமும் இருக்கின்றது. கிறிஸ்தவர்கள் விசுவாசம் என்று குறிப்பிடுவது எதனை, அது ஒருவரிடம் எவ்வாறு வளர்கின்றது, இறைவனுக்குக் கீழ்ப்படிதல் என்றால் என்ன என்ற கேள்விகள் ஆலயத்தின் நான்கு சுவர்களுக்குள் மாத்திரம் அடங்கிவிடுபவையல்ல. இறைவனுக்குக் கீழ்ப்படிவதாகக் கூறிக்கொண்டு உயிர்களைப் பறித்தவர்களையும் இந்நாடு கண்டிருக்கின்றது. இறைவனுக்குக் கீழ்ப்படிந்ததாலேயே பழிவாங்காது கையைக் கட்டிக்கொண்டிருந்தவர்களையும் கண்டிருக்கின்றது. ஒரே சொல்லை இரு சாராரும் உச்சரித்திருக்கையில், அச்சொல்லின் பொருளைச் சற்றே ஆராய்ந்து பார்ப்பது சைவர், இஸ்லாமியர், கிறிஸ்தவர் என்ற பேதமின்றி எல்லோருக்கும் உரிய கடமையாகின்றது.

முதலில் சொற்களை எடுத்துக்கொள்வோம். வீடுகளில், "பிள்ளை சொல்லுக் கேட்பதில்லை" என்று தாய்மார் முறைப்பாடு செய்வதுண்டு. பிள்ளையின் செவியில் ஏதோ கோளாறு என்று அதற்கு எவரும் பொருள்கொள்வதில்லை. கேட்டல் என்ற ஒரே வினை தமிழில் செவியால் உள்வாங்குவதையும், உள்வாங்கியதன்படி நடப்பதையும் சேர்த்தே குறிக்கின்றது. விவிலியத்தின் பழைய ஏற்பாடு எழுதப்பட்ட எபிரேய மொழியிலும் இவ்வாறே செவிமடுத்தலுக்கும் கீழ்ப்படிதலுக்கும் ஒரே சொல் வழங்குகின்றது. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மொழியில் கீழ்ப்படிதலைக் குறிக்கும் சொல்லும் கேட்டல் என்னும் வேரிலிருந்தே பிறந்தது. அல்குர்ஆனிலும் விசுவாசிகள், தாம் செவியேற்றதையும் கட்டுப்பட்டதையும் ஒரே மூச்சில் அறிக்கையிடுவதை இஸ்லாமிய வாசகர்கள் நன்கறிவர். ஆக, மத நூல்கள் கூறும் கீழ்ப்படிதல் என்பது பட்டாளத்து அணிவகுப்பில் கட்டளை கேட்டுக் காலை உயர்த்துவதைப் போன்றதன்று. பேசுபவர் யார் என்று அறிந்து, அவர் சொல்வதைக் காதுகொடுத்து, அதனைத் தனதாக்கிக்கொண்டு நடப்பதே அதுவாகும். செவிமடுக்காத கீழ்ப்படிதல் வெறும் பழக்கமாகவோ அச்சமாகவோ மாத்திரமே இருக்க முடியும்.

விசுவாசம் என்ற சொல்லிலும் ஒரு நயம் உண்டு. இலங்கைத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் இறைநம்பிக்கையைக் குறிக்க அதனைப் பயன்படுத்துகின்றனர். ஆனால் நாட்டுப்புறத்தில், உண்ட வீட்டை மறவாத நாயையும் விசுவாசமுள்ளது என்றே சொல்வோம். அதாவது, ஒன்று உண்டு என்று மனதால் ஒப்புக்கொள்வதும், ஒருவரை விட்டு விலகாதிருப்பதும் அச்சொல்லில் ஒருங்கே அடங்கியுள்ளன. கடவுள் ஒருவர் இருக்கின்றார் என்பதை ஒப்புக்கொள்வது விசுவாசத்தின் வாசற்படி மாத்திரமே. செயலற்ற விசுவாசம் செத்தது என்ற கருத்தைப் புனித யாக்கோபின் திருமுகம் கடுமையாகவே முன்வைக்கின்றது. இயேசுநாதரும் இரு புதல்வர்களின் உவமையில் இதனைத்தான் விளக்கினார். திராட்சைத் தோட்டத்தில் வேலைசெய்யுமாறு தந்தை பணித்தபோது மூத்தவன் மறுத்துவிட்டுப் பின்னர் மனம்மாறிச் சென்றான். இளையவனோ மரியாதையாகச் சம்மதம் சொல்லிவிட்டுப் போகாமலே இருந்துவிட்டான். தந்தையின் விருப்பத்தை நிறைவேற்றியவன் எவன் என்பதே இயேசு எழுப்பிய வினா. சம்மதம் சொல்வதில் எமது சமூகங்கள் எதுவுமே பின்நிற்பதில்லை என்பதை நாம் சொல்லித்தான் தெரியவேண்டும் என்றில்லை.

யூதர், கிறிஸ்தவர், இஸ்லாமியர் ஆகிய மூன்று சமயத்தவருக்கும் இவ்விடயத்தில் முன்னோடி ஒருவரே. கிறிஸ்தவர்கள் ஆபிரகாம் என்றும் இஸ்லாமியர்கள் இப்ராஹீம் (அலை) என்றும் போற்றும் அப்பெரியார், போகுமிடம் இன்னதென்று அறியாமலே சொந்த ஊரைவிட்டுப் புறப்பட்டவர் என்று விவிலியம் கூறுகின்றது. மகனைப் பலியிடச் சித்தமாயிருந்த அவரது சரித்திரத்தில், அம்மகன் ஈசாக்கு என்பது விவிலியத்தின் கூற்று. இஸ்மாயீல் (அலை) என்பது இஸ்லாமியர் பெரும்பான்மையாக ஏற்கும் விளக்கம். ஹஜ்ஜுப் பெருநாளின் குர்பானி அந்நிகழ்வின் நினைவேயாகும். பெயரில் வேறுபாடு இருப்பினும், அக்கதையின் முடிவில் வேறுபாடு இல்லை. மகன் பலியிடப்படவில்லை, கத்தி தடுக்கப்பட்டது. இறைவனுக்குக் கீழ்ப்படிவதைப் பற்றிப் பேச முன்வருவோர் கதையின் ஆரம்பத்தைச் சொல்லும்போது இம்முடிவையும் சேர்த்தே சொல்லவேண்டும் என்பது எமது கருத்து.

இனி யோசப் வாஸ் அடிகளாரிடம் வருவோம். அவர் 1651 ஏப்ரல் 21 ஆம் திகதி கோவாவிலுள்ள பெனாலிம் என்னும் ஊரில், கொங்கணி மொழி பேசும் கத்தோலிக்கக் குடும்பமொன்றில் பிறந்தார். 1676 இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அவ்வேளையில் இலங்கைக் கத்தோலிக்கரின் நிலை மிகவும் பரிதாபகரமானதாக இருந்தது. 1658 இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தரிடம் வீழ்ந்ததுடன் இத்தீவில் போர்த்துக்கேயரின் ஆட்சி முடிவுக்கு வந்தது. புரட்டஸ்தாந்து மதத்தினரான ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமார் அனைவரையும் வெளியேற்றினர். குருவானவர் ஒருவருக்கு அடைக்கலம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றம் என அதே ஆண்டில் கட்டளை பிறப்பித்தனர். மாந்தையிலிருந்த மாதாவின் திருவுருவத்தை மக்கள் எடுத்துக்கொண்டு வன்னிக் காட்டுக்குள் சென்று, இன்றைய மடுவில் ஒளித்து வைத்ததும் இக்காலப்பகுதியிலேயே ஆகும். ஏறக்குறைய 30 ஆண்டுகளாக இத்தீவில் ஒரு குருவானவர் கூட இருக்கவில்லை.

நேர்மையாகச் சொல்வதாயின், இத்துன்பத்திற்கு முன்னுரை ஒன்றும் உண்டு. போர்த்துக்கேயரின் மதம் வாளோடு சேர்ந்து வந்ததாகும். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலும் திருக்கோணேஸ்வரமும் அவர்களாலேயே இடிக்கப்பட்டன. தமது ஆளுகைப் பிரதேசத்திலிருந்து அவர்கள் முஸ்லிம்களை விரட்டியபோது, 1626 இல் அவர்களைத் தனது இராச்சியத்திற்குட்பட்ட மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றிக் காப்பாற்றியவன் கண்டி மன்னன் செனரத் ஆவான். எனவே ஒல்லாந்தர் கத்தோலிக்கருக்குச் செய்ததை, சில தசாப்தங்களுக்கு முன்னர் போர்த்துக்கேயர் மற்றவர்களுக்குச் செய்திருந்தனர். இப்பின்னணியில்தான் யோசப் வாஸ் அடிகளாரின் வருகை வேறுபட்டதாகின்றது. அவரிடம் கப்பலும் இல்லை, காவற்படையும் இல்லை, அரச ஆதரவும் இல்லை.

இலங்கையின் நிலையைக் கேள்வியுற்ற அவர் இங்கு வருவதற்கு அனுமதி கோரினார். திருச்சபை அதிகாரிகளோ 1681 இல் அவரைக் கன்னடக் கரையோரத்து மறைப்பணிக்கே அனுப்பினர். அங்கே போர்த்துக்கேய மன்னரின் உரிமைக்கு உட்பட்ட குருமாருக்கும், உரோமாபுரியிலிருந்து நேரடியாக நியமனம் பெற்றவர்களுக்கும் இடையில் அதிகாரப் போட்டி நிலவியது. விரும்பிக் கேட்டது ஒன்று, கிடைத்தது மற்றொன்று; கிடைத்த இடத்திலும் சண்டை. எமது அலுவலகங்களில் இடமாற்ற உத்தரவு ஒன்று மனதுக்குப் பிடிக்காமற் போனால் என்ன நடக்கும் என்பதை வாசகர்கள் அறிவர். அடிகளார் மூன்று ஆண்டுகள் அங்கிருந்து பாடசாலைகளையும் பங்குகளையும் கட்டியெழுப்பி, இரு தரப்பையும் சமாதானப்படுத்த முயன்று, 1684 இல் கோவா திரும்பினார். பின்னர் சுதேசக் குருமார் சிலர் ஒன்றுகூடி வாழ்ந்த இல்லமொன்றில் சேர்ந்து, அதனைப் புனித பிலிப்பு நேரியாரின் ஒறற்றோரியன் ஒழுங்கின்படி அமைத்து, அதன் தலைவராகவும் தெரிவானார். ஐரோப்பியத் துறவற சபைகள் இந்தியர்களைச் சேர்த்துக்கொள்ளாத காலம் அது. அவ்வகையில் இவ்வில்லம் ஒரு புரட்சி என்றே கூறலாம். அதே இல்லம் பிராமண வம்சத்து வழிவந்தோரை மாத்திரமே உறுப்பினராக ஏற்றது என்பதையும் மறைப்பதற்கில்லை. ஒதுக்கப்பட்டவர்களே மற்றவர்களை ஒதுக்கினர். புனிதர்களின் வரலாற்றிலும் அவர்களது காலத்தின் கறை படிந்தே இருக்கின்றது.

தலைமைப் பதவியைத் துறந்து, முறையான அனுமதியும் பெற்று, 1686 இல் அவர் இலங்கையை நோக்கிப் புறப்பட்டார். இந்த ஒழுங்கைக் கவனிக்கவேண்டும். அழைப்பு உள்ளத்தில் எழுந்தது முன்னரே. அனுமதி கிடைத்தது ஆண்டுகள் கழித்தே. உள்ளத்து அழைப்பை அவர் கைவிடவுமில்லை, அனுமதியின்றிப் பாயவுமில்லை. தனக்குத் தோன்றியதெல்லாம் இறைவனின் குரல் என்று எண்ணிவிடாமல், பிறரிடம் அதனை உரைத்துப் பார்க்கும் பொறுமையைத்தான் கத்தோலிக்க மரபு கீழ்ப்படிதல் என்று அழைக்கின்றது. காத்திருந்த அக்காலம் வீணாகவில்லை. அடியார்களைத் தேடித் தனியே நடப்பதற்கும், எதிரெதிரான அதிகாரங்களுக்கிடையே நிதானம் தவறாதிருப்பதற்கும் கன்னடக் கரையிலேயே அவர் பயிற்சி பெற்றார் எனலாம்.

தூத்துக்குடியிலிருந்து தோணியேறிய அவர் 1687 இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது கூலியாளின் கோலத்தில் இருந்தார். உடன்வந்தவர் ஜோவான் என்ற பணியாளர் மாத்திரமே. வந்தவுடனேயே கடும் வயிற்றோட்டம் அவரை வாட்டியது. அறிமுகமற்ற ஊர், குருவென்று தெரிந்தால் அவருக்கு மட்டுமன்றி அவருக்கு ஒரு வாய் கஞ்சி கொடுத்தவருக்கும் ஆபத்து. உடல் தேறியதும் அவர் செபமாலையைக் கழுத்தில் அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுத் திரிந்தார். செபமாலையைப் பார்த்து எவருடைய முகம் மாறுகின்றதோ அவர் கத்தோலிக்கர் என்று அடையாளம் காண்பதே அவரது உபாயம். இவ்வாறு கண்டுகொண்டவர்களின் உதவியுடன் சில்லாலை என்னும் கிராமத்தை அடைந்து, அங்கு தங்கியிருந்து, இரவுகளில் மாத்திரம் வெளிவந்து பணியாற்றினார். விடியுமுன் திருப்பலி முடிந்துவிடும். பகலில் அவர் யாரோ ஒரு பிச்சைக்காரர். தமிழைக் கற்றுத் தமிழிலேயே போதித்தார்.

இவ்விடத்தில் ஒரு சங்கடமான கேள்வி எழுகின்றது. தான் சாகத் துணிந்தவர் ஒருவர், தன்னைக் காப்பாற்றியவர்களையும் ஆபத்தில் தள்ளலாமா? 1689 ஆம் ஆண்டு நத்தார் இரவு வழிபாட்டிற்காகக் கூடியிருந்த யாழ்ப்பாணக் கத்தோலிக்கர்கள் ஒல்லாந்தரால் கைதுசெய்யப்பட்டனர். அடிகளார் அகப்படவில்லை. அகப்பட்டவர்கள் அடிகளையும் சிறையையும் அனுபவித்தனர். சிலர் உயிரும் இழந்தனர். அவரைக் காட்டிக்கொடுக்காத அம்மக்களின் பெயர்கள் காலிமுகத்திடலில் வாசிக்கப்படவில்லை. ஆனால் எந்தக் குருவானவரும் இல்லாத 30 ஆண்டுகளில் பிள்ளைகளுக்குச் செபங்களைச் சொல்லிக்கொடுத்து, செபமாலையைக் கூரைக்குள் செருகி வைத்து, விசுவாசத்தை அணையாமற் காத்தவர்கள் அவர்களும் அவர்களைப் போன்ற பொதுநிலையினருமே. கீழ்ப்படிதலில் வளர்ந்த விசுவாசத்திற்கு யோசப் வாஸ் அடிகளார் உதாரணம் என்றால், அவர் வருவதற்கு முன்னரே அந்த உதாரணம் சில்லாலையில் இருந்தது என்பதே எமது கணிப்பு.

பின்னர் அவர் புத்தளத்திற்குச் சென்றார். அது கண்டி மன்னனின் ஆளுகைக்கு உட்பட்ட பிரதேசம். 1692 இல் கண்டித் தலைநகரை அடைந்தபோது அங்கு அரச செல்வாக்குடன் இருந்த பிரெஞ்சுப் புரட்டஸ்தாந்தினர் ஒருவர் இவர் போர்த்துக்கேய ஒற்றர் என்று குற்றஞ்சாட்டினார். அடிகளாரும் உடன்வந்தோரும் சிறைவைக்கப்பட்டனர். ஒல்லாந்தரிடம் தப்பி வந்தவரைக் காப்பாற்றவேண்டிய இடத்திலேயே விலங்கு பூட்டினார்கள். இறைவனை நம்பி வந்ததன் பலன் இதுதானா என்று எவரும் கேட்கத்தக்க சந்தர்ப்பம் அது. அடிகளார் அந்தச் சிறையில் சிங்களம் கற்றார். காவல் சற்றுத் தளர்ந்ததும் சிறைவளவிலேயே சிறு கொட்டில் ஒன்றை அமைத்துப் பீடம் எழுப்பினார். கண்டியில் சிதறியிருந்த கத்தோலிக்கர்கள் மெல்ல மெல்ல அங்கு வரத் தொடங்கினர். சிறைக்கூடம் பங்கு ஆலயமாயிற்று.

கண்டியில் கடும் வரட்சி ஏற்பட்டபோது, மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் கேட்டுக்கொண்டதற்கிணங்க அடிகளார் வெளியிலே பீடமமைத்துச் செபித்ததாகவும், பெருமழை பெய்ததாகவும், பீடமும் அவரும் மாத்திரம் நனையவில்லை என்றும் கூறப்படுகின்றது. இதனை அற்புதம் என்று ஏற்பதோ மறுப்பதோ அவரவர் விசுவாசத்தைப் பொறுத்தது. வரலாற்று ரீதியாக முக்கியமானது யாதெனில், பௌத்த மன்னனான அவன் அடிகளாருக்கு இராச்சியம் எங்கும் பணியாற்றும் சுதந்திரத்தை வழங்கினான் என்பதே. கிறிஸ்தவ அரசு ஒன்று கொல்லத் தேடிய குருவுக்குப் பௌத்த அரசு ஒன்று பாதுகாப்பளித்தது. செனரத் முஸ்லிம்களுக்குச் செய்ததை அவனது பேரன் கத்தோலிக்கருக்குச் செய்தான். இன்றைய இலங்கையின் அரசியல் மேடைகளில் இத்தகைய வரலாறு நினைவுகூரப்படுவது அரிதாகவே உள்ளது.

1697 இல் கண்டியில் பெரியம்மை பரவியது. மன்னன் தலைநகரைவிட்டு நீங்கினான். நோயுற்றவர்கள் உறவினராலும் கைவிடப்பட்டுக் காட்டோரங்களில் கிடந்தனர். அடிகளாரும் அவருக்குத் துணையாக வந்திருந்த குருவும் தங்கி நின்று அவர்களுக்குக் குடிசை அமைத்து, உணவூட்டி, புண் கழுவி, இறந்தோரை அடக்கம் செய்தனர். சமயம் எதுவென்று விசாரிக்கப்படவில்லை. மழை அற்புதத்தைவிட இதுவே பெரிதென்பது எமது எண்ணம். மழைக்காகச் செபித்த வேளையில் அவரது நம்பிக்கைக்குச் சாட்சியாக மன்னனும் பிரதானிகளும் நின்றனர். அம்மைக் காலத்தில் சாட்சி எவருமில்லை. நோய் தொற்றாது என்ற உத்தரவாதமும் இல்லை.

இங்கு இறைநம்பிக்கை என்பதன் மற்றொரு பக்கம் புலனாகின்றது. இறைவனை நம்பினால் காரியம் கைகூடும் என்று போதிப்போர் எல்லாச் சமயங்களிலும் பெருகியுள்ளனர். தொழில் கிடைக்கும், நோய் தீரும், வெளிநாட்டு விசா வரும் என்ற வாக்குறுதிகளுடன் நடத்தப்படும் கூட்டங்களுக்குப் போரினாலும் கடனினாலும் நொந்த எமது மக்கள் செல்வதில் வியப்பில்லை. அவர்களை ஏளனம் செய்யவும் நாம் விரும்பவில்லை. ஆயினும் கிறிஸ்தவத்தின் மையத்திலுள்ள செபம், கைகூடாத ஒரு வேண்டுதலாகவே இருக்கின்றது. கெத்செமனித் தோட்டத்தில் இயேசு தன் துன்பக் கிண்ணம் அகலவேண்டும் என்று வேண்டினார். அது அகலவில்லை. தன் விருப்பமன்றித் தந்தையின் விருப்பமே நிறைவேறட்டும் என்று அவர் ஒப்புக்கொண்டதையே கிறிஸ்தவர்கள் கீழ்ப்படிதலின் சிகரமாகக் கொள்கின்றனர். பாடுகளின் வழியாகவே அவர் கீழ்ப்படிதலைக் கற்றார் என்று எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகம் கூறுகின்றது. இறைமகனே கற்கவேண்டியிருந்தது என்றால், சாதாரண விசுவாசிகளின் வளர்ச்சி ஒரே நாளில் நிகழ்வதில்லை என்பது தெளிவு.

நம்பிக்கை முயற்சிக்கு மாற்றீடாவதுமில்லை. ஒட்டகத்தைக் கட்டிவைத்துவிட்டே இறைவனிடம் பாரம் சாட்டவேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அறிவுறுத்தியதாக வரும் செய்தியை இஸ்லாமிய அறிஞர்கள் தவக்குலுக்கு விளக்கமாகச் சொல்வதுண்டு. யோசப் வாஸ் அடிகளாரும் மாறுவேடம் போட்டார், மொழிகளைக் கற்றார், இரவில் நடந்தார், ஆபத்து மிகுந்தபோது இடம்மாறினார். கோவாவிலிருந்து மேலும் குருமாரை வருவித்தார். அவர்களுள் 1705 இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் பல நூல்களை ஆக்கிப் பெரும்பணி புரிந்தார். இறைவன் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிக் கைகட்டியிருந்தவர்களின் வேலை அல்ல இது.

இனி, நாம் ஆரம்பத்தில் தொட்டுச் சென்ற கடினமான விடயத்திற்கு வரவேண்டும். அடிகளார் பிறந்த ஏப்ரல் 21 ஆம் திகதியிலேயே, 2019 ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயம், கட்டுவப்பிட்டிய புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் ஆகியவற்றிலும் கொழும்பின் நட்சத்திர ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. 250 க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அதனைச் செய்தவர்களும் தாம் இறைவனுக்குக் கீழ்ப்படிவதாகவே எண்ணிக்கொண்டிருந்தனர். இலங்கை முஸ்லிம்கள் அவர்களை நிராகரித்தனர். அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமாவும் அச்செயலைக் கண்டித்தது. ஆயினும் சில வாரங்களில், மே மாதத்தில், வடமேல் மாகாணத்திலும் கம்பஹா மாவட்டத்திலும் முஸ்லிம்களின் பள்ளிவாசல்களும் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன.

கீழ்ப்படிதலின் பெயரால் இழைக்கப்படும் இத்தகைய கொடுமை எந்த ஒரு சமயத்திற்கும் மாத்திரம் உரியதன்று. ஜேர்மனியில் 1933 இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபோது, அரசுக்கு அடங்கி நடத்தலே கிறிஸ்தவனின் கடமை என்று கூறி அவரைப் போற்றிய புரட்டஸ்தாந்தினர் ஏராளம். அதனை மறுத்தவர்களுள் ஒருவரான டீற்றிச் பொன்ஹோபர் என்ற இளம் போதகர், விசுவாசமும் கீழ்ப்படிதலும் பிரிக்கமுடியாதவை என்பதை விளக்கி 1937 இல் ஒரு நூல் வெளியிட்டார். கிறிஸ்துவுக்குக் கீழ்ப்படிபவன் ஹிட்லருக்கு அடங்க முடியாது என்பதே அவரது வாழ்வின் முடிவாக அமைந்தது. 1945 ஏப்ரல் 9 ஆம் திகதி, தனது 39 ஆவது வயதில் அவர் தூக்கிலிடப்பட்டார். பல்லவ மன்னனின் அழைப்பாணைக்குப் பணிய மறுத்த அப்பரடிகளின் சரித்திரத்தைக் கேட்டு வளர்ந்த சைவ வாசகர்களுக்கு இது புதிய செய்தியாக இராது.

அவ்வாறாயின் உண்மையான கீழ்ப்படிதலை எவ்வாறு இனங்காண்பது? மறைவல்லுநர்கள் மனச்சாட்சி, மறைநூல், திருச்சபையின் போதனை என்று பலவற்றை விரிவாகப் பேசுவர். எமக்குத் தென்படும் எளிய உரைகல் ஒன்று உண்டு. அதற்கான விலையை யார் கொடுக்கின்றார் என்று பார்த்தாற் போதும். யோசப் வாஸ் அடிகளாரின் கீழ்ப்படிதல் அவரது காலில் விலங்காக விழுந்தது. பொன்ஹோபரின் கீழ்ப்படிதல் அவரது கழுத்தில் சுருக்காக விழுந்தது. குண்டுதாரிகளின் கீழ்ப்படிதலோ, புத்தாடையுடன் ஆலயத்திற்கு வந்த குழந்தைகளின் மீது விழுந்தது. சில்லாலை மக்கள் சிந்திய இரத்தத்தை நினைக்கும்போது இந்த உரைகல்லும் முற்றிலும் மாசற்றதல்ல என்பதை நாம் ஒப்புக்கொள்கின்றோம். எனினும் அவர்களை எவரும் பலியாக்கவில்லை. அவர்கள் தாமாகவே அந்த ஆபத்தை ஏற்றனர் என்ற வேறுபாடு சிறியதல்ல.

2019 இல் விலை கொடுத்த மற்றொரு சாராரும் இருந்தனர். பிள்ளைகளைப் புதைத்துவிட்டு வந்த பெற்றோரிடம், பழிவாங்க வேண்டாம், முஸ்லிம் அயலவர் மீது கைவைக்க வேண்டாம் என்று அவர்களது மேய்ப்பர்கள் கேட்டுக்கொண்டனர். கொழும்புப் பேராயர் மல்கம் ரஞ்சித் ஆண்டகை திரும்பத் திரும்ப அவ்வாறு வேண்டினார். பகைவரை நேசிக்குமாறு இயேசு கொடுத்த கட்டளையை மலைப்பிரசங்கத்தில் வாசிப்பது இலகுவானது. கட்டுவப்பிட்டிய மயானத்தில் நின்று அதனைக் கேட்பது இலகுவானதன்று. அவ்வேளையில் அவர்கள் உள்ளத்தில் அன்பு பொங்கியிருக்கும் என்று நாம் பாசாங்கு செய்யத் தேவையில்லை. உள்ளம் எரிந்துகொண்டிருக்கையிலேயே கையைத் தடுத்துக்கொண்டார்கள். உணர்வு வருவதற்கு முன்னரே செயல் வந்துவிட்டது. கீழ்ப்படிதலினால் விசுவாசம் வளர்கின்றது என்று கிறிஸ்தவர்கள் கூறுவதற்கு இதனைவிடத் தெளிவான விளக்கம் எமக்குத் தெரியாது.

அந்த அமைதியை எல்லாவற்றையும் மறந்துவிடுதல் என்று எடுத்துக்கொள்வது பெருந்தவறாகும். குருமாரும் பாதிக்கப்பட்ட குடும்பங்களும் நீதிமன்றப் படியேறினர். முன்கூட்டியே கிடைத்த புலனாய்வுத் தகவல்கள் மீது நடவடிக்கை எடுக்கத் தவறியமைக்காக, 2023 ஜனவரி 12 ஆம் திகதி உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்துமாறு பணித்தது. அத்தீர்ப்பின் பின்னரும் முழுமையான உண்மை வெளிவரவேண்டும் என்று திருச்சபை குரல் கொடுத்தது. இறைவனிடம் நம்பிக்கை வைத்தவர் மனிதரிடம் நீதி கேட்கக்கூடாது என்ற விதி எங்கும் இல்லை. அத்தகைய விதியொன்றைப் போதிப்பவர்கள் பெரும்பாலும் அநீதியினால் இலாபமடைபவர்களாகவே இருப்பர்.

யோசப் வாஸ் அடிகளாரின் இறுதிக் காலம் பற்றிச் சில வார்த்தைகள். அவரை இலங்கைக்குத் தனியான திருச்சபை அதிகாரியாக உயர்த்தும் யோசனை எழுந்தபோது அவர் இணங்கவில்லை. கொச்சி ஆயரின் கீழ் சாதாரண மறைப்பணியாளராகவே தொடர்ந்தார். மன்னன் விமலதர்மசூரியன் 1707 இல் காலமான பின்னர் வீர நரேந்திரசிங்கனும் அடிகளாருக்கு ஆதரவளித்தான். கோவாவைவிட்டு நீங்கிய அவர் மீண்டும் அங்கு செல்லவேயில்லை. 23 ஆண்டுகளுக்கும் மேலாக இத்தீவில் பெரும்பாலும் கால்நடையாகவே திரிந்த அவர், தேய்ந்த உடலுடன் 59 ஆவது வயதில் கண்டியில் உயிர்நீத்தார்.

புனிதராகப் பிரகடனம் செய்வதற்கு வழமையாகக் கோரப்படும் இரண்டாவது அற்புதத்தைப் பாப்பரசர் பிரான்சிஸ் அவர் விடயத்தில் கோரவில்லை. பிரகடனம் நடைபெற்ற அன்று பிற்பகலே பாப்பரசர் மடுவுக்குச் சென்று, போரில் உறவுகளை இழந்த தமிழ், சிங்கள மக்கள் மத்தியில் செபித்தார். ஒல்லாந்தருக்கு அஞ்சிய மக்கள் காட்டுக்குள் கொண்டுவந்து ஒளித்த அதே திருவுருவம் அங்கே பீடத்தில் இருந்தது. அடிகளாருக்கோ கண்டியில் அடையாளம் காணத்தக்க ஒரு கல்லறை கூட இல்லை. அவர் அடக்கம் செய்யப்பட்ட ஆலயம் பின்னர் அழிந்துபோனது. அவரது எலும்புகள் கிடக்குமிடம் எதுவென்று இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.